ஒருமுறைகூடப் பச்சையாகாத திரை

முதலில் பார்த்தது என் கீழுதட்டின் உட்புறத்தைத்தான். ஈக்காட்டுத்தாங்கலில் நான் வேலை செய்யும் பட்டறைக்கு, உடம்புக்குள் விட்டுப் பார்க்கும் ஸ்கோப்புகள் மருத்துவமனைகளிலிருந்து பழுதுபார்க்க வரும். சரிசெய்த ஒன்றைச் சோதிக்க உதட்டைப் பிதுக்கிக் காட்டினேன். வெறும் ரோஸ் நிறம். கேமராவில் ஒரு பொத்தானை அழுத்தியதும் வெளிச்சத்தில் நீலமும் பச்சையும் மட்டும் மிஞ்சின. திரை பச்சையாகி, அதுவரை தெரியாத நுண்ணிய ரத்தக்குழாய்கள் பழுப்புக் கோடுகளாக எழுந்தன. கட்டி வளர்வதே ரத்தக்குழாய்களை இழுத்து வைத்துக்கொண்டுதான். அப்பாவின் சிறுநீர்ப்பையையும் இப்படிப் பார்த்துவிட்டால்?

அப்பா தி.நகர் ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் விற்பனையாளர். ஸ்கேனில் கட்டி தெரிந்து, அறுவைக்கு நாள் குறித்திருந்தார்கள். நான் விளக்கியதும் சட்டென்று பிடித்துக்கொண்டார். "அதாம்ல, டியூப்லைட்ல ஒரு நிறம், வெயில்ல ஒரு நிறம். சேலைய வாசலுக்குக் கொண்டுபோயித்தானே காட்டுதோம்?"

மயிலாப்பூரில் அப்பாவைப் பார்த்த மருத்துவரிடம் ஓடினேன். வெள்ளை வெளிச்சத்தில் தட்டையான சின்னக் கட்டிகள் தப்பிவிடும், தப்பியது மறுபடி வளரும் என்று மூச்சுவிடாமல் பேசினேன். தோளில் தட்டினார். "எங்க மெஷின்லயும் அந்த பட்டன் இருக்குப்பா. கண்டிப்பா போட்டுப் பாத்துடறேன்."

அறுவை முடிந்து வெளியே வந்த மருத்துவர், நான் வாய் திறக்குமுன், "உன் பச்சையிலயும் பாத்தாச்சு, ஹேப்பியா? சுத்தமா எடுத்துட்டேன்" என்றார்.

வார்டில் அப்பா கண் திறந்து கேட்டதும் அதைத்தான். "பாத்தாவளாடே?"

"பாத்துட்டாங்கப்பா." சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமை!

அறுவையின் வீடியோவைப் பென்டிரைவில் கேட்டு வாங்கினேன். சந்தேகம் ஏதுமில்லை, வெறும் ஆசை. ஸ்கோப் நுழைந்ததிலிருந்து வெளியே வரும்வரை திரை மூலையில் கடிகாரம் எங்கும் தாவாமல் ஓடியது, எதையும் வெட்டியிருக்கவில்லை. ரோஸ், மஞ்சள், சிவப்பு. பச்சை ஒரு நொடிகூட இல்லை. மறுபடி ஓட்டினேன். இல்லை.

அந்த ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன் எனக்குப் பழக்கம். போன் செய்தேன்.

"மச்சி, அவரு அந்த பட்டனைத் தொட்டு நான் பாத்ததே இல்ல. ரத்தம் கலந்தா கறுப்பா தெரியுதுன்னு கடுப்பாவாரு. முடிஞ்சத இன்னாத்துக்கு நோண்டிக்கினு கீற?"

முடியாது என்று மருத்துவர் என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். வேறு இடம் தேடியிருப்பேன். நச்சரிக்கிற பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்பதுபோல ஒரு பொய்யைக் கொடுத்து அனுப்பிவிட்டார். அதை நான் வாங்கிச் சப்பிக்கொண்டே போய் அப்பாவிடமும் கொடுத்திருக்கிறேன். பொத்தானை அழுத்த ஒரு விரல் போதும். அவ்வளவுதான் கேட்டேன்.

மூன்று மாதத்தில் மறுபடி உள்ளே பார்த்தாக வேண்டும். அப்பா, "நம்ம டாக்டர்" என்கிறார், வேறு யாரிடமும் போகமாட்டாராம். அடையாறில் இன்னொரு மருத்துவரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். ஸ்கோப் போடும்போது திரைக்குப் பக்கத்தில் நான் நிற்கலாம் என்கிறார். இன்று மதியம், சாப்பாட்டு நேரத்தில் அப்பா கடைக்கு லேப்டாப்போடு போகிறேன். மருத்துவர் செய்ததையும், அதை நம்பி நான் சொன்னதையும் சொல்லிவிட்டு, அந்த வீடியோவை முதலிலிருந்து கடைசிவரை அவருக்கு ஓட்டிக் காட்டப்போகிறேன்.