பாண்டிலட்சுமி அக்காவுக்குப் போய்ச் சேர வேண்டியது

"நீ இவுகளுக்கு யாருத்தா?"

அம்மாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் பக்கத்தில் நான் நின்றிருந்தபோது ஒரு பெண் என்னிடம் இப்படிக் கேட்டார். சுலபமான கேள்விதான். ஆனால் அன்று அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால், கேட்பதற்குச் சற்று முன்புதான் அவர் பெட்டியின் கண்ணாடிமேல் இரண்டு கைகளையும் வைத்து, "புள்ளையில்லாம என்னய மாதிரியே தவிச்சியே! ஜெப்ரின்னு ஒண்ணு பெறந்து, அதுவும் தங்கலையே ஒனக்கு" என்று சொல்லி அழுதிருந்தார்.

பெட்டிக்குள் இருந்தவரின் ஒரே மகள் நான். பெயர் ஜாஸ்பின். ஜெப்ரின் என்ற பெயரை எங்கள் வீட்டில் யார் சொல்லியும் நான் கேட்டதில்லை.

பதிலுக்குக் காத்திராமல் அவரே ஒரு முடிவுக்கு வந்தார்.

"அண்ணன் மகளாக்கும். மூக்கு அப்பிடியே இருக்கு." என் கன்னத்தைத் தொட்டார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அவருடைய தோல் சுருங்கி, இளஞ்சிவப்பாகப் பளபளத்தது. "என் பேரு பாண்டிலட்சுமி. புதுப்பட்டிக்கு அங்கிட்டு. ஒங்க அத்ததான் எனக்கு மருந்து கட்டுனாக. நானும் என் மக பிரீத்திகாவும் பட்டாசுக் கம்பெனியில ஒரே ரூம்லதான் வெடிமருந்து செலுத்துனோம். வெடிச்சதுல நான் மட்டும் வெளிய வந்தேன். ஒன் வயசுதான் இருக்கும் அவளுக்கும்."

அப்படிச் சொன்ன ஒருவரிடம் "நான் மகள்" என்று எப்படிச் சொல்வது? தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

உள்ளே எனக்கு ஒரு வேலை இருந்தது. எங்கள் சபையில் யார் இறந்தாலும் அடக்க ஆராதனையில் அவருடைய வாழ்க்கைக் குறிப்பை ஒருவர் வாசிப்பார். பிறப்பு, ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம், செய்த பணி, விட்டுச் சென்றவர்கள். எல்லோருக்கும் அதே வரிசைதான். காலையில் ஜெபிக்க வந்த போதகர் என்னிடம், "நீயே எழுதி வாசிச்சிரும்மா. பொழுதுபோக்கு ஏதாவது இருந்தா அதையும் சேத்துக்கோ. கேக்கறவங்களுக்கு ஆளு கண்ணுக்குத் தெரியணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

என் அம்மா பியூலா சூலக்கரையில் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியரின் மகளாகப் பிறந்தார். மதுரையில் நர்சிங் படித்தார். என் அப்பா ஜெயசுந்தரைக் கல்யாணம் செய்து, பிறகு திருத்தங்கலுக்கு வந்தார். அப்பா இங்கே ஒரு பிரஸ்ஸில் காலண்டர் அட்டை வெட்டும் கட்டிங் மிஷினில் நிற்கிறார். அம்மா ஓர் ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டில் கடைசி நாள் வரை வேலை பார்த்தார். மூளையில் ரத்தம் கசிந்து, டியூட்டிக்குக் கிளம்பும்போதே விழுந்துவிட்டார். இவ்வளவும் எழுத எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

பொழுதுபோக்கு என்று வந்ததும் பேனா நின்றுவிட்டது. அம்மா டியூட்டி முடிந்து வந்தால் குளித்துவிட்டு ஃபேனுக்குக் கீழே வெறுந்தரையில் படுத்துக்கொள்வார். வார்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். பஸ்ஸில் ஜன்னல் சீட்டுதான் வேண்டும் அவருக்கு. அது கிடைக்கும்வரை வருகிற பஸ்களையெல்லாம் விட்டுவிடுவார். இதைப் பொழுதுபோக்கு என்று கோயிலில் வாசிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜன்னலுக்கு வெளியே பந்தலில் அப்பா உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் யாரோ ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். ரத்தினசாமி என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஒரு காது முழுவதும் கருகி ஒட்டிப்போயிருந்தது.

"தங்கமான மனுசி அண்ணாச்சி. புருசன் போனதுக்கப்பறம் தனியா நின்னு காலத்த ஓட்டிருக்காக" என்றார்.

"யாரு போனது?" என்று அப்பா கேட்டார்.

"அவுக வீட்டுக்காரருதான். பிரஸ்ல வேல பாத்தவராம். நெஞ்சுவலியில பொசுக்குன்னு போயிட்டாராம். என் வீட்டுக்காரி தீயில செத்த வாரம் அது. நான் சோறு தண்ணி வேண்டாம்னு கெடந்தேன். அப்பத்தான் சொன்னாக. நானும் ஒங்கள மாதிரிதான் அண்ணாச்சி, ஆனா தெனம் எந்திரிச்சு சாப்புட்டுட்டுதான் வாறேன்னு."

அப்பா அவர் பக்கம் திரும்பினார்.

"அந்த வீட்டுக்காரன் நாந்தான்" என்றார்.

ரத்தினசாமி நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். அப்பா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"இருங்க, இருங்க. நான் எப்பம் செத்தேனாம்? ரொம்ப நாளாச்சா?"

"அண்ணாச்சி, சத்தியமா எனக்குத் தெரியாது…"

"ஒங்களச் சொல்லல. காப்பி குடிக்கீகளா?"

பின்னால் நின்றிருந்த ஒரு பையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டான். பொத்திய கையில் இரண்டு விரல்கள் இல்லை. அவன் மணிகண்டராஜ். நான் வெளியே போய், எதற்குச் சிரித்தாய் என்று கேட்டேன்.

"தப்பா எடுக்காதீக. சிஸ்டரு ஏங்கிட்ட ஸ்கூல்ல கபடி கேப்டன்னு சொன்னாக. நான் கபடி ஆடுனவன். 'நீ ரெய்டாலே? நானும் ரெய்டுதான்'னாக. இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு ரெய்டான்னு நான் கேட்டேன். 'ஏலே, அப்ப ஒல்லியாத்தாம்லே இருந்தேன்'னாக. அதுவும் எப்பங்கிறீக…"

அம்மாவுக்கு வாசலில் இறங்கி ஓடவே வராது. பஸ்ஸுக்குக்கூட ஓடியதில்லை.

"பழைய கட்டப் பிரிக்கையில தோலோட வரும் பாருங்க" என்று அவன் தொடர்ந்தான். "வார்டே அலறும். அன்னேரத்துல சிஸ்டரு வீட்டக் கேப்பாக. அம்மா என்ன செய்றாக, கூடப்பொறந்தவுக யாரு, ஒனக்கு என்ன ஆட்டம் புடிக்கும்னு. நம்ம வாயத் தெறக்கலேன்னா அவுக கதையச் சொல்ல ஆரம்பிச்சிருவாக. அவுக வீடும் நம்ம வீடு மாதிரியே இருக்கும். கேட்டுக்கிட்டே இருக்கையில கட்டு போட்டு முடிஞ்சிரும்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மனைவியை இழந்தவரிடம் அம்மா விதவையாக இருந்திருக்கிறார். விரலை இழந்த பையனிடம் கபடி ஆடியிருக்கிறார். மகளை இழந்தவரிடம், அந்த மகளின் வயதில் தனக்கு ஒருத்தி வீட்டில் இருக்கிறாள் என்று எப்படிச் சொல்லியிருப்பார்? வருத்தம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் காரணம் புரிந்தது.

புரிந்ததும் பயம் வந்தது. குறிப்பின் கடைசி வரி, "கணவர் ஜெயசுந்தரையும் மகள் ஜாஸ்பினையும் விட்டுச் சென்றிருக்கிறார்." பாண்டிலட்சுமி அக்கா கோயிலுக்கு வரத்தான் காத்திருந்தார். நூறு பேர் நடுவில், என் வாயாலேயே அதைக் கேட்பார். அதற்கு முன்னால் தனியாகச் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று நினைத்தேன். ரத்தினசாமி தாங்கிக்கொண்டாரே, இவரும் தாங்கிக்கொள்வார் என்று நம்பினேன்.

அவர் வேப்பமரத்தடியில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்திருந்தார். தனியே அழைத்துப்போனேன்.

"அக்கா, நான் அண்ணன் மக இல்ல. நான் அவுக மக."

"வளத்த மகளா?"

"பெத்த மக."

என் முகத்தையே பார்த்தார். மூக்கைப் பார்த்தார்.

"எத்தன வயசு ஒனக்கு?"

"பதினெட்டு முடிஞ்சிருச்சு."

"அப்ப நான் அங்கன கெடக்கையில நீ வீட்டுல இருந்திருக்க. தெனம் ஒன்னயப் பாத்துட்டு வந்துதான் ஏங்கிட்ட அப்பிடிச் சொல்லிருக்கா."

"உங்களுக்கு வலிக்கக் கூடாதுன்னுதான்…"

"நீ சும்மாருத்தா." சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "கை வலி எனக்கு ஒரு வலியா? பிரீத்திகாவப் பத்தி நான் யாருட்டயும் பேசல. என் அண்ணங்கிட்டகூடப் பேசல. புள்ளயப் பறிகுடுத்தவளுக்குத்தான் தெரியும்னு இவகிட்ட மட்டும் பேசுனேன். என் கையப் புடிச்சுக்கிட்டு, அவ புள்ளய மண்ணுக்குள்ள வச்சதச் சொன்னா. காதுல மச்சம் இருந்துச்சுன்னா. ரெண்டு பேரும் சேந்து அழுதோமே! எல்லாம் நடிப்பா? அந்த ஜெப்ரினும் பொய்தானா?"

எனக்குத் தெரியவில்லை. பொய்தான் என்று மனதுக்குள் நினைத்தேன். நான் பேசாமல் இருந்ததே அவருக்குப் பதிலாகிவிட்டது. மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். பெட்டி இருந்த பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

நான் அப்பாவிடம் போனேன்.

"அப்பா, ஜெப்ரின்னு யாராவது இருந்தாங்களா?"

அப்பா கையிலிருந்த டம்ளரைத் தரையில் வைத்தார்.

"ஒனக்கு யாரு சொன்னா?"

"அந்தப் புதுப்பட்டி அக்கா. காதுல மச்சம்கூடச் சொன்னாங்க."

"இடது காது" என்றார் அப்பா. "ஒனக்கு முன்னால பெறந்தவன். மதுரையில இருந்தோம் அப்ப. ஒரு மாசம்கூட முழுசா இருக்கல. ஆஸ்பத்திரியிலேயே ஞானஸ்நானம் குடுத்து, அங்கனயே அடக்கம் பண்ணிட்டு வந்தோம். இனிமே இந்தப் பேர வீட்டுல எடுக்கப்படாதுன்னு ஒங்கம்மா சொல்லிட்டா. நானும் எடுக்கல. ஏங்கிட்டயே அவ பேசுனதில்ல. யாரோ ஒரு பொம்பளகிட்டயா சொன்னா?"

நான் தெருவுக்கு ஓடினேன். மணிகண்டராஜ் கேள்வி எதுவும் கேட்காமல் பைக்கை எடுத்தான். மிச்சமிருந்த விரல்களால் கிளட்சை அமுக்கியபடி, லாரிக்கு நடுவில் புகுந்து பஸ் நிறுத்தத்துக்குக் கொண்டுபோனான். நிறுத்தத்தில் பூக்காரப் பெண் மட்டும் இருந்தார். "கையில தழும்பு இருக்குமே, அவுகளா? இப்பத்தான் ஏறுனாக. ஒரே அழுகை" என்றார். சிவகாசிச் சாலையில் முன்னால் போன ஒரு பஸ்ஸை விரட்டிப் பிடித்துப் பார்த்தோம். அவர் அதில் இல்லை. அடக்கத்துக்கு நேரமாகிவிட்டதால் திரும்பினோம்.

கோயிலுக்குப் புறப்படுமுன் குறிப்பை அப்பாவிடம் காட்டி, ஜெப்ரின் பெயரைச் சேர்க்கட்டுமா என்று கேட்டேன். அம்மா சொல்லக்கூடாது என்றதைச் சபை நடுவில் சொல்லலாமா என்பது எனக்குத் தெரியவில்லை.

"அவளே சொல்லிட்டாளே, பெறகென்ன" என்றார் அப்பா. "சேத்துக்கோ. என் பேருக்கு மேல எழுது."

அப்படியே வாசித்தேன். முதல் மகன் ஜெப்ரினை மதுரையில் இழந்தார் என்று வாசித்தபோது அத்தைமார்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பொழுதுபோக்கு என்று ஜன்னல் சீட்டைத்தான் எழுதியிருந்தேன். பின்வரிசையில் ரத்தினசாமியும் மணிகண்டராஜும் வார்டிலிருந்து வந்த வேறு சிலரும் நின்றார்கள். நான் யாருக்காக அந்தப் பெயரை எழுதினேனோ அவர் அங்கே இல்லை.

அடுத்த வாரமே புதுப்பட்டிப் பக்கம் போய்த் தேடினோம். அம்மாவோடு வேலை பார்த்த ஞானபூரணி சிஸ்டர் ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னார். அங்கே அவர் இருந்த வீடு பூட்டிக் கிடந்தது. தீபாவளி சீசனுக்கு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார் என்றார் ஒருவர். இல்லை, அண்ணன் வீட்டோடு போய்விட்டார், அண்ணனுக்கு ராஜபாளையம் பக்கம் மில்லில் வேலை என்றார் இன்னொருவர். செல்போன் எண் யாரிடமும் இல்லை. மில் வாசல்களில் ஷிப்ட் விடுகிற நேரத்தில் நின்று பார்த்தேன். ப்ளஸ் டூ முடித்ததிலிருந்து எந்த வேலையிலும் எனக்குக் கால் நிலைக்கவில்லை. இந்த ஒரு வேலையை மட்டும் விட மனம் வரவில்லை. ஆனால் தனியாகத் தேடி முடியாது என்று இப்போது தெரிகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

பாண்டிலட்சுமி அக்கா, உங்களிடம் என் அம்மா என்னை மறைத்தது உண்மை. ஆனால் ஜெப்ரின் பிறந்தான். அவனுடைய இடது காதில் மச்சம் இருந்தது. அவனைப் பற்றி அம்மா என் அப்பாவிடம் பேசவில்லை, என்னிடம் பேசவில்லை, உங்களிடம்தான் பேசினார். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது நடிப்பு இல்லை.

அவருக்கு வாசிக்க வருமா என்று எனக்குத் தெரியாது. இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து வாயால் சொல்லுங்கள். கம்பெனி வேனில் கூட வருகிறவர்களிடம், மில்லில் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம், பஸ்ஸில் பேச்சுக் கொடுக்கிறவர்களிடம் சொல்லுங்கள். முழங்கை வரை தழும்புள்ள, பிரீத்திகா என்ற மகளை இழந்த ஒருவரை உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். நீங்கள் சொல்லப்போகிறவருக்குத் தெரிந்திருக்கலாம்.