டபுள்ஸ் வேண்டும்

படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. சிறப்புத் தேவைகள் ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தார்கள். என் கணவர் அதில், மனைவிக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது, டபுள்ஸ் வேண்டும் என்று ஆங்கிலத்தில் தட்டி அனுப்பிவிட்டார். ஆம்ஸ்டர்டாமில் ஒரு காலை முழுக்க வழிகாட்டியோடு சைக்கிளில் ஊர் சுற்றிப் பார்ப்பது. கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆனதற்கு அவர் எனக்குக் கொடுத்த பரிசு. பத்துப் பேர் சேர்ந்து போகிற சுற்றுலாவும் இருந்தது. வெள்ளைக்காரர்கள் முன்னால் மானம் போகக் கூடாது என்று எங்கள் இருவருக்கு மட்டுமானதை எடுத்தார்.

டபுள்ஸ் என்று அவர் நினைத்தது நம் ஊர் டபுள்ஸை. ஒருத்தர் மிதிப்பார், இன்னொருத்தர் பின்னால் கேரியரில் உட்கார்ந்து வருவார். அந்த அர்த்தம் நம் ஊர் எல்லையைத் தாண்டினால் செல்லாது என்று, கால் நூற்றாண்டாக அமெரிக்காவில் இன்ஜினியராக இருக்கிறவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. எனக்கு அந்தக் கட்டத்தில் உறுத்தியது வேறு. எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும். ஆறு வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

கரூரில் பள்ளிக்கூடத்துக்கும் பிறகு காலேஜுக்கும் அப்பாவின் பழைய சைக்கிளில்தான் போனேன். பார் வைத்த ஆண்கள் சைக்கிள். அப்பாவேதான் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்து கற்றுக்கொடுத்தார். அமராவதிப் பாலத்தில் எதிர்க்காற்றில் எழுந்து நின்று மிதிப்பேன். அது என் திமிர் என்று அம்மா சொல்வாள். திமிர்தான், எனக்கு அது பிடித்திருந்தது.

முதலில் வந்த ஒரு சம்பந்தம் அந்தப் பாலத்தில் போய்விட்டது. பெண் ஆம்பிளை சைக்கிளில் பறக்கிறதாமே என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டார்களாம், அதோடு சரி. அடுத்து வந்தது அமெரிக்க மாப்பிள்ளை. சென்னையிலிருந்து பெண் பார்க்க வந்த அவருடைய அம்மா, காபியை வாங்கிக்கொண்டு, பொண்ணு சைக்கிள்ல எல்லாம் சுத்துமா என்று கேட்டார். நான் கதவுக்கு அந்தப்பக்கம் நின்றிருந்தேன்.

"அதெல்லாம் தொட்டதே இல்லீங்க. ரிக்‌ஷாலதான் போய்ட்டு வருதுங்க," என்றார் அப்பா.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். மற்ற தொள்ளாயிரத்துச் சொச்சம் எனக்குத் தெரியாது. இந்த ஒன்றை என் காதால் கேட்டேன். மறுநாளே சைக்கிள் பெரியப்பா வீட்டுக்குப் போய்விட்டது. கற்றுக்கொடுத்தவர் வாயாலேயே அதைக் கேட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வேறு யார் சொல்லியிருந்தாலும் இவ்வளவு நாள் மனத்தில் வைத்திருக்க மாட்டேன். அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. இன்னும் கோபம் ஆறவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு இவரிடம் சொல்லிவிடலாமா என்று அம்மாவைக் கேட்டேன். "அப்பாவப் பொய்யராக்கிப் போடாத கண்ணு," என்றாள். சரி, கொஞ்ச நாள் போகட்டும் என்று விட்டேன். கொஞ்ச நாள் என்பது எவ்வளவு நீளம் என்று அப்போது தெரியாது.

டெக்சஸில் ஃபிரிஸ்கோவுக்கு வந்து சேர்ந்தோம். அங்கே கார் இல்லாவிட்டால் ஒரு கேலன் பால் வாங்க முடியாது. நான் டிரைவிங் கற்றுக்கொள்கிறேன் என்று சொன்னபோதெல்லாம் இவரிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. சைக்கிள் பேலன்ஸே தெரியாதவள் ஃப்ரீவேயில் எப்படிக் கார் ஓட்டுவாய் என்பார். காருக்கும் பேலன்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டதில்லை. ஆறு வருஷம் சன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். கோவிலுக்குப் போக இவர் வர வேண்டும், கறிவேப்பிலை வாங்க இவர் வர வேண்டும். கடைசியில் மகளுக்கு டேகேர் கிடைத்தது, கொண்டுபோய் விட ஆள் இல்லை என்று ஆனபிறகுதான் எனக்கு லைசென்ஸ் வாங்கித் தர இவருக்கு மனம் வந்தது. முதல் தடவையிலேயே பாஸ் செய்தேன். டெஸ்ட் எடுத்தவர் நல்லவர் என்று இவர் நண்பர்களிடம் சொன்னார்.

யார் வீட்டில் கூடினாலும் என் சைக்கிள் கதை வரும். "எங்க வீட்டம்மாவுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது, ஆனா மினிவேன் ஓட்டுறா" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். சிரிப்பில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் உண்மையைச் சொல்லிவிடத் தோன்றும். சாம்பாரை ஊற்றிக்கொண்டு மென்று முழுங்கிவிடுவேன்.

எல்லாவற்றையும் விட மோசமானது மகளுக்கு சைக்கிள் பழக்கிய வாரம். அப்போது அவளுக்கு ஆறு வயது. இவர் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஓடினார். ஹேண்டிலைப் பிடித்தால் குழந்தை எப்படித் திருப்பும்? சீட்டுக்குப் பின்னால் பிடிக்க வேண்டும், பிடித்ததைக் குழந்தைக்குத் தெரியாமல் விட வேண்டும். நான் டிரைவ்வேயில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு நாள் விழுந்தாள். முழங்காலில் மருந்து போடும்போது, உனக்கு ஏன் தெரியாது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்றேன். பச்சைப் பொய். அப்பாவின் பொய்யை அடைகாத்துக்கொண்டே இருந்து, அன்றைக்கு என் பங்குக்கு நானும் ஒன்று சொன்னேன்.

ஆம்ஸ்டர்டாமில் கால்வாய் ஓரம் ஒரு கடை வாசலில் வழிகாட்டி காத்திருந்தாள். எங்கள் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும், நெடுநெடுவென்று உயரம். பக்கத்தில், ஒரே சட்டத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு சீட், இரண்டு ஜோடி பெடல் வைத்த நீள சைக்கிள் ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. நீங்கள் கேட்ட டபுள் இதுதானே என்றாள்.

இவருக்கு முகம் சுருங்கிவிட்டது. தெருவில் ஒரு பெண் ஒருத்தனின் கேரியரில் ஒருக்களித்து உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தாள். அதைக் காட்டி, இதைத்தான் கேட்டேன் என்றார். ஊர்க்காரர்கள் போவார்கள், சுற்றுலாவுக்கு இன்சூரன்ஸ் ஒத்துக்கொள்ளாது என்று அவள் சிரித்தபடி மறுத்துவிட்டாள். பிறகு விளக்கினாள். முன்னால் உட்காருகிறவர் கேப்டன். ஹேண்டில், பிரேக், எந்தப் பக்கம் திரும்புவது எல்லாம் அவர் கையில். பின்னால் இருப்பவருடைய ஹேண்டில் திரும்பாது, சும்மா பிடித்துக்கொள்ளத்தான். அவர் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும், முன்னால் இருப்பவரை நம்ப வேண்டும். முதல் தடவை என்றால் கொஞ்சம் பழக நேரமாகும் என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு இதில் இருபத்தைந்து வருஷ அனுபவம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

இவரும் சைக்கிளைத் தொட்டு முப்பது வருஷம் இருக்கும். முதல் பாலத்தில் ஏறும்போதே தள்ளாடினார். நான் பின்னாலிருந்து பலத்தைக் கொடுத்து மிதித்தேன். "நீ மிதிக்காத, ஆடுது," என்றார். மிதிப்பதை நிறுத்தினேன். "ஏன் நிறுத்தின?" என்றார். டிராம் தண்டவாளத்தைக் குறுக்காக, நேராகக் கடக்க வேண்டும் என்று அந்தப் பெண் முன்னால் போய்க்கொண்டே கத்திச் சொன்னாள். இவர் சாய்வாகக் கடந்தார். டிராம் தண்டவாளத்தின் பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கியது. எனக்கு அது நடக்கப்போகிறது என்று அவருடைய முதுகுக்குப் பின்னாலிருந்தே தெரிந்தது. என் ஹேண்டில்தான் திரும்பாதே, என்ன செய்ய? இரண்டு பேரும் விழுந்தோம்.

அவருக்கு உள்ளங்கையில் சிராய்ப்பு, எனக்கு முழங்கையில். நல்லவேளை, டிராம் எதுவும் வரவில்லை. வழிகாட்டி ஓடிவந்து தூக்கினாள். கைப்பையிலிருந்து பிளாஸ்டர் எடுத்து ஒட்டினாள். பிறகு என்னிடம் நேராக, உங்களால் தனியாக ஓட்டவே முடியாதா என்று கேட்டாள். "ஷி டஸ்ன்ட் நோ" என்று இவர் எனக்கு முன்னால் பதில் சொன்னார். அவள் இவரைப் பார்க்கவே இல்லை, என் பதிலுக்குக் காத்திருந்தாள். அத்தனை வருஷத்தில் என்னிடம் இதை யாரும் கேட்டதில்லை.

எனக்கு ஓட்டத் தெரியும் என்று சொன்னேன். அடி பட்டதில் ஏதோ உளறுகிறேன் என்று இவர் நினைத்திருப்பார். "சும்மா இரு, விளையாடாத," என்றார். அதற்குள் அந்தப் பெண் தன் சைக்கிளின் சீட்டை இறக்கி என் பக்கம் தள்ளிவிட்டாள்.

ஏறினேன். முதல் பத்தடி கோணல்மாணலாகப் போனது. பிறகு சரியாகிவிட்டது. பிரேக் பிடிக்கலாம் என்று விரல் தேடினால் ஹேண்டிலில் பிரேக்கே இல்லை. பின்பக்கமாக மிதித்தால்தான் நிற்குமாம், அவள் சொல்ல மறந்துவிட்டாள். ஒரு பூத்தொட்டிக்கு அருகில் காலை ஊன்றி நிறுத்தினேன். திரும்பிப் பார்த்தால், அந்தப் பெண் நீள சைக்கிளில் கேப்டனாக உட்கார்ந்திருந்தாள். பின்சீட்டில் என் கணவர், திரும்பாத ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் பொங்கியது என்பதை ஒளிக்க மாட்டேன். அடுத்த ஒரு மணி நேரம் நான் முன்னால் போனேன். பாலங்களில் எழுந்து நின்று மிதித்தேன். அவள் எந்த வீட்டைக் காட்டி எந்த நூற்றாண்டைச் சொன்னாள் என்று எனக்கு ஒன்றுமே நினைவில்லை.

காபி குடிக்க நிறுத்தினோம். அவள் உள்ளே போனதும், இது எப்படி என்று இவர் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பாலம், ஆண்கள் சைக்கிள், அவருடைய அம்மா கேட்டது, என் அப்பா சொன்னது. சொல்லி முடித்தால் ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன். எத்தனை வயதில் கற்றுக்கொண்டாய், அந்த சைக்கிள் என்ன ஆயிற்று, இத்தனை நாள் எப்படி இருந்தாய் என்று ஏதாவது ஒன்று.

"அப்ப உங்கப்பா பொய் சொல்லிதான் உன்ன என் தலையில கட்டினாரு."

"உங்கம்மா கேட்டதே அந்தப் பொய்யத்தாங்க."

அவருக்கு அது ஏறவில்லை. இத்தனை வருஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேனே, என்னை முட்டாளாக்கிவிட்டாயே என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார். ஏமாந்தவர் அவர்தானாம். ஆறு வருஷம் சன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் நான், அவமானம் அவருக்கு.

ஓட்டல் அறையிலிருந்து மகளுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ரிச்சர்ட்சனில் காலேஜில் படிக்கிறாள். முதலில் சிரித்தாள், அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. நான் விழும்போதெல்லாம் நீ பார்த்துக்கொண்டுதானே நின்றாய் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஆமாம் என்றேன். மன்னித்துக்கொள் என்று தமிழில் சொன்னேன். இனி யாருக்காகவும் இதை மறைக்காதே அம்மா என்றாள். மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

திரும்பி வந்த மூன்றாம் வாரம் எங்கள் வீட்டில் பாட்லக், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடுவது. ஆறு குடும்பம். மகளும் வந்திருந்தாள். வந்தவர்களில் ஒரு பெண்மணி ஐரோப்பா பயணம் எப்படி என்று கேட்க, இவர் ஆரம்பித்தார். குரலில் பழைய உற்சாகம் வந்திருந்தது.

"இவ சைக்கிள் கத்துக்கிட்டா தெரியுமா? ஆம்ஸ்டர்டாம்ல, ரெண்டே மணி நேரத்துல. நான்தான் பின்னாடி புடிச்சுக்கிட்டேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். எங்க வீட்டுக்காரர் எனக்கு எப்போது சொல்லித்தரப் போகிறாரோ என்று அந்தப் பெண்மணி ஏங்கினார். இவர் என்னைப் பார்க்காமல் தட்டில் பிரியாணி வைத்துக்கொண்டிருந்தார். உண்மை தெரிந்த பிறகும் கூசாமல் சொன்ன அந்த வாயை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

எங்கள் மகள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள். அன்றைக்கு எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னாள்.

"இல்லப்பா. அம்மாக்கு முன்னாடியே தெரியும். காலேஜுக்கே சைக்கிள்லதான் போனாங்க."

பன்னிரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இவர் முகம் வெளிறிவிட்டது. கெஞ்சுகிற மாதிரி என்னைப் பார்த்தார், அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. ஒரு வாக்கியம் போதும். ஆமாம், தெரியும் என்றால் முடிந்தது. வாய் வரைக்கும் வந்தது.

"அதெல்லாம் சின்ன வயசுல சும்மா ஒரு ரவுண்டு," என்றேன். "ஒழுங்கா கத்துக்கிட்டது இவர்கிட்டதான்."

கூட்டத்தில் சிரிப்பு திரும்ப வந்தது. யாரோ ராய்த்தா கேட்டார்கள். மகள் தட்டை மேசையில் வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். என் அப்பாவைக் குற்றம் சொல்லலாம், மாமியாரைச் சொல்லலாம், இவரைச் சொல்ல ஒரு ஆயுள் போதாது. ஆனால் அன்றைக்கு அந்தப் பொய்யைச் சொல்லும்படி என்னை யாரும் கேட்கவில்லை.