பாலத்து ஓட்டைக்கு ஒரு செக்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மூன்றாம் பாரத்தோடு பள்ளியை விட்டவன் எழுதினால் பிழையைத்தான் முதலில் தேடுவார்கள். ஆனால் போன வாரம் கோயில் அன்னதானத்தில் எங்கள் சங்கத் தலைவர், "பாலத்த நான்தான் பேசி வாங்கிக் குடுத்தேன்" என்றார். ரசம் புரையேறியது. அப்போதே முடிவு செய்தேன், எழுதிவிடுவது என்று.

மலேசியாவில் அசாம் ஜாவா பக்கம், செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கிறது எங்கள் குடியிருப்பாளர் சங்கம். வீட்டுக்கு வீடு வசூல் செய்து ஓடிய காலத்தில் அதற்கு நல்ல வாய் இருந்தது. குழாயில் தண்ணீர் நின்றபோது இதே தலைவர்தான் எங்களைக் காலி வாளிகளோடு அரசாங்க அலுவலக வாசலில் உட்கார வைத்தார்.

பிறகு அரசாங்க மானியம் வந்தது. வை.பி., அதாவது எங்கள் சட்டமன்ற உறுப்பினர், ஆளுயர அட்டைச் செக்கைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். தலைவர் அதைச் சங்க மண்டபச் சுவரில் மாட்டினார். பிள்ளைகளுக்கு டியூஷன் ஆசிரியர் கிடைத்தார். அதெல்லாம் நல்லதுதான்.

அந்த வருடம் தோட்டத்துப் பாலத்தில் பலகை உடைந்து ஓட்டை விழுந்தது. வேலைக்குப் போன அம்மா மோட்டார் சைக்கிளோடு அதில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். நேராகத் தலைவரிடம் போனேன்.

"வாளிய எடுக்கலாமா, தலைவரே?"

"இப்ப சும்மா இரு லா, தம்பி. கை நீட்டி வாங்கிட்டு அவங்களயே குத்தினா நல்லாவா இருக்கும்?"

"அப்ப அம்மா கைக்கு யாரு பதில் சொல்றது?"

"அடுத்த வருச மானியம் வரட்டும், பேசுவோம். ஞாயித்துக்கெழம வை.பி. தீபாவளிப் பை குடுக்க வர்றாரு. நீ போயி நாற்காலியத் தொடச்சு வை."

துடைத்தேன். நாற்காலி போடுகிறவன் கையில்தானே மண்டபச் சாவி இருக்கும்?

ஞாயிறு காலை செக்கைக் கழற்றிக்கொண்டு போய்ப் பாலத்து ஓட்டையில் நட்டேன். பெறுபவர் என்ற இடத்தில் இருந்த சங்கத்தின் பெயர்மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, 'பாலத்து ஓட்டை' என்று மலாயில் பெரிதாக எழுதினேன். வை.பி.க்குத் தமிழ் தெரியாது, பாவம்.

அவர் கார் பாலத்தருகே நின்றது. இறங்கித் தன் கையெழுத்தையே உற்றுப் பார்த்தார். பின்னால் காத்திருந்த மோட்டார்க்காரர்கள் எல்லாரும் கைப்பேசியை எடுத்தார்கள். தலைவர் ஓடி வந்து செக்கைப் பிடுங்கப் பார்த்து, அதே ஓட்டையில் செருப்பை விட்டார். அதை நானும் படமெடுத்தேன்; இன்றுவரை அழிக்கவில்லை. தீபாவளிக்கு முன்பே பாலத்தைச் சரிசெய்துவிட்டார்கள்.

மறு வருடம் மானியம் வரவில்லை. டியூஷன் ஆசிரியரும் நின்றுவிட்டார். தலைவர் முகத்தைப் பார்த்துச் சிரித்த எனக்கு, சாயங்காலம் பூட்டிய மண்டபத்தின் முன் புத்தகப் பையோடு நின்ற பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்க வரவில்லை. ஆனாலும் செக்கை நட்டதற்கு வருத்தப்பட மாட்டேன். அம்மாவின் கை இன்னும் சரியாக மடங்கவில்லை.

இவ்வளவையும் எழுதி, அன்று செக்கின் மறுமுனையைத் தூக்கிவந்த கூட்டாளிக்கு அனுப்பினேன். பதில் வந்தது:

"சரி லா, நாளையிலேர்ந்து அந்தப் புள்ளைங்களுக்கு நீயே வாய்ப்பாடு சொல்லிக் குடு, ஏழாம் வாய்ப்பாடு உனக்கு வராது, அத மட்டும் நான் வந்து பாத்துக்கிறேன்."