பஞ்சு மார்க்கெட் பொட்டலில் தலைவர் பேசியது

எனக்கு எழுபத்தாறு வயசு. வளர்த்து ஆளாக்கினது அஞ்சு பிள்ளைகள். அதில் ரெண்டு என் நாத்தனார் விட்டுப்போனது. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். படிப்பு ரெண்டாங்கிளாஸ். அதனால் நான் சொல்லச் சொல்ல பேத்தி எழுதுகிறாள்.

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிருந்தேன். காலேஜ் வாத்தியார் ஒருத்தர் வரச் சொல்லியிருந்தார். எங்கள் தலைவர் ஊர் ஊராகப் பேசி, யாரும் எழுதி வைக்காமல் போன பேச்சையெல்லாம் வயசானவர்களிடம் கேட்டுச் சேர்க்கிறாராம். தலைவர் கண்ணை மூடி எத்தனையோ வருசம் ஆச்சு. அவர் பேரை நான் சொல்ல மாட்டேன். வீட்டுக்காரர் பேரையே வாயால் சொன்னதில்லை, அவர் பேரைச் சொல்வேனா?

வாத்தியார் பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தபோது பிளீச்சிங் பவுடர் மாதிரி ஒரு நெடி வந்தது. புதுத் தாளுக்கு அப்படி உண்டோ என்னமோ, எனக்கு ராஜபாளையத்துப் பேண்டேஜ் கம்பெனி ஞாபகம் வந்துவிட்டது. பதினாறு வருசம் அங்கே துணி மடித்தேன். வெளுத்த துணியின் நெடி சோற்றிலும் இருக்கும், தலைமுடியிலும் இருக்கும். தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போனாலும், "கம்பெனிக்காரி வந்துட்டா" என்று மூக்காலேயே கண்டுபிடிப்பார்கள்.

அங்கே ஒரு வழக்கம். தலைவர் கூட்டம் என்றால் எல்லாருக்கும் லீவு கிடைக்காது. ஷிப்டுக்கு ஒருத்தியை அனுப்புவோம். அவள் பங்குத் துணியை மற்றவர்கள் மடித்துக் கொடுப்பார்கள். போனவள் மறுநாள் பேச்சை அப்படியே சொல்லணும். ஞாபகத்தில் எனக்கு நிகர் கிடையாது, அதனால் எப்போதும் நான்தான். தலைவர் இருமின இடத்தில் இருமிக்கூடக் காட்டுவேன். எனக்குப் பட்டப்பேரே டேப்பு.

எண்பதுகளில் ஒரு மாசி மாசம். பஞ்சு மார்க்கெட் பக்கத்துப் பொட்டலில் கூட்டம். மறுநாள் காலையில் மேஸ்திரியே வந்து நின்றார். கறாரான ஆள், ஆனால் தலைவர் என்றால் உயிர்.

"ஏட்டி டேப்பு, ஓட்டு பாப்பம். அவிய என்ன பேசுனாவ?"

பாதி சொல்லியிருப்பேன். எதிரே கோமதி நின்றபடி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எட்டு மாசம். காலிரண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தது. உட்கார்ந்தால் கை மந்தமாகிவிடும் என்று மேஸ்திரி யாரையும் உட்கார விடமாட்டார். முந்தின நாள்தான் மயங்கி விழுந்திருந்தாள். எனக்கு என்ன வந்ததோ, தலைவர் குரலிலேயே சொன்னேன்: "பிள்ளைத்தாச்சியை நிக்க வச்சு வேலை வாங்குற இடத்துல நான் பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்."

மேஸ்திரி முகம் செத்துப்போச்சு.

"நெசமாவா சொன்னாவ?"

"பொறவு? நானா சொல்லுதேன்?"

திரும்பிப் போனவர், செத்த நேரத்தில் தான் உட்காருகிற ஸ்டூலையே தூக்கிக்கொண்டு வந்து போட்டார். "எக்கா, அவிய வாயில சக்கரையத்தான் போடணும்" என்று கோமதி என் காதில் சொன்னாள். அவளிடம்கூட நான் உண்மையைச் சொல்லவில்லை.

வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நீங்க பேசுறதுக்கு முந்தி, இதுவரைக்கும் கிடைச்சதுல ரொம்ப அருமையானதை வாசிக்கேன் ஆச்சி."

அதேதான். பிள்ளைத்தாச்சி, பச்சத் தண்ணி, ஒரு எழுத்துப் பிசகவில்லை. கிருஷ்ணன்கோவிலில் ஒருத்தர், வ. புதுப்பட்டியில் ஒருத்தர், இன்னும் ரெண்டு பேர், தங்கள் காதாலேயே கேட்டதாகச் சொன்னார்களாம். அதைச் சொல்லும்போது தலைவர் துண்டால் கண்ணைத் துடைத்தார் என்று வேறு ஒருத்தர் சேர்த்திருக்கிறார்.

தாளைக் கையால் மறைத்தேன். "தம்பி, அதை அடிச்சிருங்க. அவிய சொன்னதில்ல அது. நான் சொன்னது."

வாத்தியார் சிரித்தார். கிழவி வேடிக்கை பேசுகிறாள் என்று நினைத்திருப்பார். கோமதி கதையை முழுசாகச் சொன்ன பிறகுதான் சிரிப்பு நின்றது. பேனா மூடியைத் திறந்தார்.

"சரி ஆச்சி, அடிச்சிருவோம். அன்னைக்கு அவர் நெசமா என்னதான் பேசுனாரு? சொல்லுங்க, அந்த எடத்துல எழுதிக்கிடுதேன்."

வாயைத் திறந்தேன். பொட்டல் தெரிகிறது. கூட்டத்தில் எனக்கு முன்னால் இருந்தவள் இடுப்புப் பிள்ளை அழுதது தெரிகிறது. மைக்கைத் தலைவர் ரெண்டு தட்டுத் தட்டினது கேட்கிறது. ஆனால் அவர் உதடு அசைந்தால் வருவது அந்த ஒன்று மட்டும்தான். நான் சொன்னது. அதுவும் அவர் குரலில். ரெண்டு மணி நேரம் பேசினார் அந்த மனுசர். ஒரு சொல் மிச்சமில்லை.

கோமதி போய்விட்டாள். மேஸ்திரி அவளுக்கு முந்தியே போய்விட்டார். பொட்டல் பூராவும் இன்றைக்குக் கடைகள். என்னை நம்பி, என் பங்குத் துணியையும் மடித்துக் கொடுத்து அனுப்பினார்கள். அவ்வளவு பெரிய பேச்சு என் ஒருத்தி கையில்தான் இருந்தது.

போதும்ட்டி, நிறுத்து. இப்ப முதல்லயிருந்து மெதுவா வாசி. இதுலயும் நானாச் சேத்துவிட்டது ஏதாச்சும் இருக்கான்னு கேக்கணும்.