பேரிக்காய் ஓவியத்தின் பின்பக்கம்

குழந்தைகளே, இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

திருப்பரங்குன்றத்தில் எங்கள் வீட்டில் ஒரு பழைய பிரெஞ்சு ஓவியம் இருக்கிறது. கிட்டப் போனால் வெறும் வண்ணத் திட்டுகள். தள்ளி நின்றால் பேரிக்காய்களும் ஒரு குவளையும். என் அப்பா கார் ஓட்டிய வீட்டு முதலாளி அவருக்குப் பரிசாகக் கொடுத்தது. அதை வைத்திருந்த ஒவ்வொருவரும் தம் பெயர் எழுதிய சீட்டைப் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள். கடைசிச் சீட்டில் என் அப்பா பெயர்.

போன மாதம் பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்து, ஓவியத்தைத் திருப்பிப் பார்த்து முகம் சுளித்தார்.

“என்னண்ணே, இம்புட்டு அழுக்கு? சீட்டையெல்லாம் சுரண்டி வைங்க. நாளைக்கு வாரேன், நல்ல விலைக்கு எடுத்துக்கிறேன்.”

நானும் நம்பி, வெந்நீரில் துணியை நனைத்தேன். ஆறாவது படிக்கும் என் மகள் கயல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, அம்மாச்சி வீட்டு அண்டாவைத் திருடுனவன், அதுல வெட்டியிருந்த பேரைத்தானே முதல்ல அரத்தால தேச்சான்?”

எனக்குச் சுரீரென்றது. மறுநாள் வியாபாரியிடமே கேட்டேன். “பேரை எடுத்துட்டா, இது யாருகிட்ட இருந்துச்சுன்னு எப்படிண்ணே தெரியும்?”

“தெரியாட்டித்தாண்ணே நல்லது. எங்க தாத்தா சீமையில வாங்குனதுன்னு சொல்லி வித்துருவேன். டிரைவர் வீட்டுப் படம்னா எவன் வாங்குவான்?” என்று சிரித்தார்.

என் அப்பா பெயரை என் கையாலேயே அழிக்கச் சொல்லியிருக்கிறார்!

“டிரைவர் வீட்டு வாசல் அங்கிட்டு இருக்கு, கிளம்புங்க” என்றேன்.

இப்போது யார் ஓவியம் பார்க்க வந்தாலும், முதலில் பின்பக்கத்தைத்தான் காட்டுகிறேன். கயல் பெயர்களைச் சத்தமாக வாசிக்கிறாள். தாத்தா பெயரை மட்டும் இரண்டு முறை.