பிறை தெரியாத ஞாயிற்றுக்கிழமை

என் தம்பி பாலமுரளியையும் அவன் குழுவையும் இப்போது மஸ்கட்டிலிருந்தும் தோஹாவிலிருந்தும் விமான டிக்கெட் அனுப்பிக் கூப்பிடுகிறார்கள். அவர்கள் போட்ட சிடியைத் துபாய் மீனா பஜார் கடைகளில் கண்ணில் படும்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் அவன் துபாய்க்கு வந்தது ஏசி மெக்கானிக் வேலைக்கு. அல் கோஸ் தொழிலாளர் கேம்ப்பில், பதினாலாம் நம்பர் ரூம்.

அந்த ரூமில் இருந்த கோவாக்காரர் ஒருவர் வேலை முடிந்து ஊருக்குப் போனபோது, தன் எலெக்ட்ரிக் கிதாரையும் ஒரு பெட்டி கேசட்டையும் முரளியிடம் விட்டுப் போனார். கேசட்டுகளில் இருந்தது ப்ளூஸ். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் தங்கள் கஷ்டத்தை வைத்துப் பாடிய இசை என்று முரளி எனக்கு விளக்கினான். ஆள் ஒரு வரி பாடினால், கிதார் அதற்குப் பதில் சொல்லுமாம்.

டியூட்டி முடிந்து வந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்தப் பதில்களை எல்லாம் அவனாகவே பழகினான். பிறகு தமிழில் எழுத ஆரம்பித்தான். கேம்ப் பஸ், கிடைக்காத லீவு, போனில் கேட்ட தங்கையின் கல்யாண மேளம், எல்லாம் பாட்டானது. பக்கத்துக் கட்டில் பெயின்டர் கௌஸ் முகம்மது டிரம்ஸ், ஸ்டோர்கீப்பர் மணிமாறன் பேஸ் கிதார். குழுவுக்குப் பெயர் தேடவே இல்லை. 'ரூம் நம்பர் பதினாலு.'

2006-இல் கம்பெனி ஆண்டு விழாவில் அவர்கள் பாட்டைக் கேட்ட வெங்கட்ராமன், பர் துபாயில் தான் மேனேஜராக இருந்த ஓட்டலுக்கு அழைத்தார். முதல் நிகழ்ச்சி நன்றாக நடந்தால் வருட ஒப்பந்தம். ஓட்டலே மூவருக்கும் கலைஞர் விசா எடுக்கும். அதன்பின் சைட்டுக்குப் போக வேண்டாம், கம்பெனி விசாவில் வெளியே பாடுகிறோமே என்று யாருக்கும் பயப்படாமல் மேடை ஏறலாம். நடக்காவிட்டால் அந்த இடம் ஒரு பிலிப்பைன்ஸ் குழுவுக்கு.

நோன்பு மாதம் முழுவதும் ஓட்டல்களில் மேடைக் கச்சேரி கிடையாது. அதனால் பெருநாள் மாலையில் தொடங்கலாம் என்று முடிவானது. வெங்கட்ராமன் போனில் தேதி கேட்டபோது மூவரும் துபாயிலேயே இருந்த என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முரளி எழுந்து போய் காலண்டரைப் பார்த்தான்.

"ஞாயித்துக்கிழமை சார். போஸ்டர் அடிச்சிருங்க."

"மாப்ள, பிறை உங்கிட்ட தேதி சொல்லுச்சா?" என்றான் கௌஸ்.

"காலண்டர்லயே போட்டிருக்கு பாய்."

"காலண்டர் அடிச்சவன் சிவகாசிக்காரன். அவனா பிறை பாக்குறான்?"

முரளி சிரித்துவிட்டான். போஸ்டர் கராமா வரைக்கும் ஒட்டியாயிற்று.

சனிக்கிழமை மாலை பிறை தெரியவில்லை. ஞாயிறும் நோன்பு என்று டிவியில் அறிவித்தார்கள். போஸ்டரைப் பார்த்தவர்களுக்கு யார் போய்ச் சொல்வது?

"வந்தவங்க திரும்பிப் போனா மறுநாள் வர மாட்டாங்க. என் முதலாளிக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார் வெங்கட்ராமன்.

"தேதி சொன்னது நான் சார். வாசல்ல நானே நிக்கிறேன்," என்றான் முரளி.

நிகழ்ச்சிக்கென்று நான் தைத்த கருநீலச் சட்டையிலேயே மூவரும் ஞாயிறு மாலை வாசலில் நின்றார்கள். நானும் என் கணவரும் உள்ளே ஓரமாக உட்கார்ந்திருந்தோம். நோன்பு திறந்த பிறகு கூட்டம் வந்தது. மேடையில் கிதார் உறைக்குள் இருந்தது.

"பாட்டு இல்லேன்னா எதுக்குப்பா இந்தச் சட்டை?" என்று கேட்டார் ஷார்ஜாவிலிருந்து வந்த வேலுச்சாமி என்ற டிரைவர்.

"அக்கா தைச்சது அண்ணே, போடலேன்னா அடிப்பாங்க. உக்காருங்க, பாடத்தான் கூடாது, பேசலாம்ல?"

அப்படித்தான் ஆரம்பித்தது. முரளி மேஜை மேஜையாகப் போய், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் பாட்டுகளைக் கதையாகச் சொன்னான். தாளமும் இல்லை, ராகமும் இல்லை. வேலுச்சாமியிடம் ஏசி மெக்கானிக் பாட்டைச் சொன்னான்.

"ஊர் ஏசியெல்லாம் ரிப்பேர் பண்றவன் ரூம்ல ஏசி ஓடல. ஆகஸ்ட் மாசம். ஃபோர்மேன்கிட்ட போனா, 'கம்ப்ளைன்ட் எழுதிக் குடு, மெக்கானிக்கை அனுப்புறேன்'ங்கிறான்."

"மெக்கானிக்கே இவன்தானே!"

"ஆமா அண்ணே. கம்ப்ளைன்ட் இவன் கைக்கே வருது. ஆனா ஸ்பேர் பார்ட்ஸ் கேட்டா 'மாஃபி', இல்லவே இல்லைங்கிறான்!"

மேஜையே சிரித்தது. பக்கத்து மேஜைக்காரர்கள் நாற்காலியோடு திரும்பினார்கள்.

"அப்புறம் என்ன பண்ணான்?"

முரளி எழுந்துகொண்டான். "அதைக் கிதார்தான் சொல்லணும் அண்ணே. நாளைக்கு வாங்க."

"அடப்பாவி! நாளைக்கு டியூட்டிய மாத்தணுமே!"

ஒவ்வொரு மேஜையிலும் ஒரு கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்தான். எல்லோரும் போன பிறகு வெங்கட்ராமன் அவனுக்கு ஒரு டீ கொண்டுவந்து வைத்தார்.

மறுநாள் பெருநாள். வேலுச்சாமி தன் ரூம்காரர்கள் எல்லோரையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். முந்தைய நாள் வந்தவர்களும் கூடவே ஆள் கூட்டி வந்திருந்தார்கள். உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்றார்கள். ஏசி பாட்டின் கடைசி வரியை முரளி வாயால் பாடவே இல்லை. வாயை மூடிக்கொண்டு கிதாரில் ஒரு நீண்ட இழுப்பு இழுத்தான். கட்டிலைத் தூக்கி வெளியே மணலில் போட்டுப் படுத்தவன் விடும் மூச்சு அது என்று அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. வேலுச்சாமி நாற்காலி மேல் ஏறி நின்று கைதட்டினார்.

அந்த வாரமே ஒப்பந்தத்தில் கையெழுத்தானது. முரளி, ஏசி டூல்பெட்டியைக் கம்பெனியில் ஒப்படைத்துவிட்டு, முதலில் என் வீட்டுக்குத்தான் வந்தான்.

அடுத்த வருடம் நோன்பு தொடங்கியதும் வெங்கட்ராமன் மறுபடி போன் செய்தார். "பெருநாள் நிகழ்ச்சிக்கு என்ன தேதி போடலாம் முரளி?"

முரளி போனைக் கௌஸிடம் நீட்டினான்.

"தேதியே வேணாம் சார். 'பிறை தெரிந்த மறுநாள்'னு போடுங்க," என்றான் கௌஸ்.

இன்றுவரை அவர்கள் பெருநாள் போஸ்டரில் அப்படித்தான் இருக்கிறது.