எசினம் கலைத்துக் கட்டிய பந்தி

என் தங்கை எசினத்தை யாராவது வேலைவெட்டி இல்லாதவள் என்று சொன்னால் எனக்குச் சுர்ரென்று ஏறிவிடும். கானா நாட்டில் எங்கள் க்பாண்டோ ஊர் மருந்துக்கடையில் பகல் முழுக்கக் கால் கடுக்க நிற்கிறவள் அவள். வீட்டுக்கு வந்ததும் மடிக்கணினியில் ஒரு விளையாட்டைத் திறப்பாள். திரையில் இரும்பை உருக்குவாள், பல்சக்கரம் செய்வாள், எல்லாவற்றையும் ஓடும் பட்டையில் ஏற்றி அனுப்புவாள். வருஷக்கணக்காக ஒரே தொழிற்சாலையைத்தான் கட்டுகிறாள். எங்கேயாவது அடைத்துக்கொண்டால், கட்டியதை முகம் சுளிக்காமல் இடித்துவிட்டு மறுபடி கட்டுவாள்.

“அதுல இருந்து ஒரு ஆணியாவது வெளிய வருமா?” என்று கேட்பார் எங்கள் அக்பெக்கோ மாமா. அவருக்கு அது வெட்டி வேலை.

பெரியப்பா இறந்தார். அதற்கு முன்பு பெரியம்மா சாவுக்கு வந்த சம்பந்தி வீட்டார், கூட்டத்தில் சோறு கிடைக்காமல் பசியோடு திரும்பியிருந்தார்கள். அந்த வீட்டில் வாழப்போன பெரியப்பா மகள் யாய்ராவுக்கு அன்றிலிருந்து குத்தல் பேச்சுதான். மறுபடியும் அப்படி ஆனால் அவள் அங்கே தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

பந்திப் பொறுப்பை எசினத்துக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று நான் சண்டை போட்டு வாங்கினேன். தட்டு, சோளமாவில் கிண்டிய அக்ப்லே உருண்டை, வெண்டைக்காய்க் குழம்பு, பொரித்த மீன் என்று முற்றத்தில் வரிசையாக மேசை போட்டாள். ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் தட்டோடு வெளியேற வேண்டும். பார்க்க அம்சமாக இருந்தது.

கூட்டம் வந்தது, வரிசை நின்றுபோனது. திரையில் ஓடும் இரும்புக்கு வாய் கிடையாது, எங்கள் எவே ஜனத்துக்கு உண்டு. வீட்டில் எல்லாரும் சுகமா, பிள்ளைகள் சுகமா, பிள்ளைகளின் பிள்ளைகள் சுகமா என்று விசாரிக்காமல் யாரும் தட்டை வாங்கவில்லை. கொடுக்கிறவளும் பதிலுக்கு விசாரிக்க வேண்டும். குழம்பு மேசையில் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். சம்பந்தி வீட்டார் வரிசையின் கடைசியில் வெயிலில் நின்றார்கள். யாய்ராவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“விளையாட்டுப் புத்தியைப் பந்திக்குக் கொண்டு வந்தா இப்படித்தான்,” என்றார் மாமா, எல்லார் காதிலும் விழும்படி.

எனக்கு அவமானமாக இருந்தது. எசினம் கோபப்படவுமில்லை, அழவுமில்லை.

“இடிச்சுக் கட்டணும்க்கா. மேசையைப் பிடி,” என்றாள்.

அத்தனை பேர் கண்ணெதிரே தன் வரிசையைத் தானே கலைத்தாள். வாசல் மரத்தடியில் நாற்காலி போடச் சொன்னாள். வருகிறவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து விசாரிப்பதுதானே எங்கள் வழக்கம்? சாவு வீட்டுப் பரபரப்பில் அதை விட்டுவிட்டோம். அதனால் விசாரிப்பு முழுக்கப் பந்திக்குள் வந்து அடைத்துக்கொண்டது. நேரே மாமாவிடம் போனாள்.

“மாமா, விசாரிக்கிறதுல உங்களை மிஞ்ச இந்த ஊர்ல ஆள் கிடையாது. மரத்தடியில தண்ணி குடுத்து, எல்லாரையும் ஆசை தீர விசாரிச்சு அனுப்புங்க. சம்பந்தி வீட்டாரை முதல்ல கூப்பிடுங்க.”

அவரால் மறுக்க முடியவில்லை. குசலமெல்லாம் மரத்தடியிலேயே தீர்ந்தது. மேசைப்பக்கம் வந்தவர்கள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நகர்ந்தார்கள். இந்தத் தடவை வரிசை ஓடியது. ‘இவள் என் தங்கை’ என்று கத்த வேண்டும்போல இருந்தது எனக்கு.

சம்பந்தி வீட்டார் இரண்டாம் முறையும் குழம்பு வாங்கிச் சாப்பிட்டார்கள். கை கழுவிவிட்டு யாய்ராவின் மாமனார், பந்தியை யார் பார்த்துக்கொண்டது என்று கேட்டார்.

பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போயிருந்த மாமா முந்திக்கொண்டார். “எங்க வீட்டுப் பொண்ணு. கம்ப்யூட்டர்ல ஃபேக்டரி கட்டுறவ.”

பக்கத்தில் யாய்ரா நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள்.